மூன்று விரல் கூடுதல்

நடராஜா துணி அளக்கும் விதம் மாத்தளைக்குத் துணி எடுக்க வருகிற எல்லோருக்கும் தெரியும். கெஜக்கோலின் ஒரு முனையில் துணியைப் பிடித்து மறுமுனை வரை இழுப்பார். அங்கே நிறுத்தமாட்டார். இடது கையின் மூன்று விரல்களைச் சேர்த்துத் துணியின் மேல் வைப்பார். அந்த மூன்று விரல்களுக்கு அப்பால்தான் அடுத்த கெஜம் தொடங்கும். எத்தனை கெஜம் அளந்தாலும் ஒவ்வொன்றின் முடிவிலும் அந்த விரல்கள் தாமாகவே போய் உட்கார்ந்துகொள்ளும்.

"என்ன மொதலாளி, வெரலையும் சேத்து விக்கிறீங்களா?" என்று இரத்தோட்டைத் தோட்டத்திலிருந்து பஸ்ஸில் வரும் அழகாயி ஒவ்வொரு தடவையும் கேட்பாள்.

"வெரல் சும்மாதான்மா. துணி தண்ணியக் கண்டா சுருங்கும். நீ ஆசையாத் தச்ச சட்டை ஒரு தொவையலுக்கே ஏறிப்போயி, ஒம் புள்ள கையத் தூக்க முடியாம நின்னா, கோயில்ல மாரியம்மா என்னத்தானே கேப்பா?"

"அவ கேக்குறது இருக்கட்டும். இந்தச் சிவப்புச் சாயம் போவுமா, அதச் சொல்லுங்க."

பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம், மிளகும் கராம்பும் கொக்கோவும் வாங்கி விற்கும் கடையில் உட்கார்ந்திருந்த லாபிருக்கு அந்தப் பேச்செல்லாம் கேட்கும். இரண்டு கடைகளும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. இந்தக் கடை அவனுடைய வாப்பா ஸக்கரியாவுடையது. நோன்புப் பெருநாள் கழிந்து சில நாட்களில் அவர் மௌத்தாகிவிட்டார். லாபிர் வீட்டுக்கு ஒரே பிள்ளை. கண்டியில் ஒரு கல்லூரியின் விடுதியில் தங்கி, கடைசி வகுப்பில் படித்துக்கொண்டிருந்தவன், ஜனாஸாவுக்கு வந்தான். திரும்பிப் போகவில்லை.

போகத்தான் எப்படி முடியும்? உம்மா கைறுன்னிஸா இத்தாவில் இருந்தார். கணவனை இழந்த பெண் நான்கு மாதமும் பத்து நாளும் வெள்ளை உடுத்து, அந்நிய ஆண்களின் பார்வையில் படாமல், வீட்டோடு இருந்து இறைவனை நினைக்க வேண்டிய காலம் அது. கடைக்குப் பின்புறத்து வீட்டில், திரைச்சீலைக்குப் பின்னால் அவருடைய நாட்கள் கழிந்தன. உம்மாவின் சகோதரர் ஹுசைன், வில்கமுவவில் வயல் செய்பவர், அறுவடை முடிந்ததும் வந்து கடையைப் பார்த்துக்கொள்வதாக வாக்குக் கொடுத்திருந்தார். அதுவரை கடையைத் திறக்க லாபிரைத் தவிர வேறு ஆள் இல்லை.

அவன் குறை சொல்லவில்லை. ஆனால் தராசுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும்போது அவனையறியாமல் தோள்கள் சுழலும். கைகள் காற்றை இழுத்துப் பின்னால் தள்ளும். மிளகு கொண்டுவந்த யட்டவத்தைக்காரர் ஒருவர், "தம்பிக்கு வாய்வுப் பிடிப்பா? இஞ்சிச் சாறு குடிங்க" என்று அக்கறையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

லாபிர் நீச்சல்காரன். கல்லூரியின் ரிலே அணியில் நான்காவதாகக் குதிப்பவன். சென்ற ஆண்டு கல்லூரிகளுக்கிடையிலான போட்டியில் அந்த நால்வரும் ஒரு கையளவு தூரத்தில்தான் தோற்றார்கள். அன்று வாப்பா வாடகைக் கார் பிடித்துக் கண்டிக்கு வந்திருந்தார். முழங்காலளவு தண்ணீருக்கே பயப்படுகிற மனிதர், நீச்சல் தடாகத்தின் விளிம்பில் நனைந்துவிடுவோம் என்று குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். தோற்று வெளியே ஏறி வந்த மகனின் தலையைத் தம் சால்வையாலேயே துவட்டினார். "அழாதீங்க மகன். அந்த ஒரு கையளவுதானே? அடுத்த வருஷம் அதையும் வாங்கிடுவோம்" என்றார்.

அந்த அடுத்த வருஷம் இதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அணித் தலைவன் திலகரத்ன கண்டியிலிருந்து வந்தான். நால்வரில் அவன்தான் குள்ளன், அவன்தான் வாய்க்காரன். உம்மா திரைக்குப் பின்னாலிருந்து கொடுத்தனுப்பிய வட்டிலப்பத்தை முழுக்க முடித்துவிட்டுத்தான் வந்த காரியத்தைச் சொன்னான். இருவரும் சிங்களத்தில் பேசிக்கொண்டார்கள்.

"மச்சான், போட்டிக்கு நாள் குறிச்சாச்சு. நம்ம நீச்சல் மாஸ்டர் உன் இடத்த இன்னும் யாருக்கும் கொடுக்கல. பதுர்தீன்னு ஒரு சின்னவன் இருக்கான். நல்லா நீந்துறான், ஆனா உன் அளவுக்கு இல்ல. அவன் தெனமும் நம்மளோட பயிற்சிக்கு வர்றான். மாஸ்டர் என்ன சொல்றார்னா, லாபிர் போன வருஷ நேரத்துல நீந்தினா இடம் அவனுக்கு. முடியலேன்னா சின்னவனுக்கு."

"நான் மூணு மாசமா தண்ணியில கால் வைக்கல."

"தெரியும். அதான் கேக்குறேன். போட்டிக்கு முந்தின மூணாவது ஞாயிறு நான் திரும்பி வருவேன். அன்னைக்கு நீயே சொல்லு, முடியுமா முடியாதான்னு. மாஸ்டர் உன்ன வந்து சோதிக்க மாட்டாராம். உன் வார்த்தை போதுமாம்."

அந்தக் கடைசி வாக்கியம் லாபிரின் மனத்தில் கல்லைப் போல் விழுந்தது. சோதித்துத் தள்ளிவிட்டால் கோபப்படலாம். நம்பி விட்டுவிட்டவரிடம் பொய் சொல்ல முடியாது.

"எங்க போய் நீந்துறது?" என்றான். "கண்டிக்கு வந்து போனா பாதி நாள் போயிடும். கடைய யாரு பார்ப்பா?"

பலகைச் சுவருக்கு மறுபுறம் ஒரு கனைப்புக் கேட்டது.

"ஒட்டுக்கேட்டேன்னு நெனைக்காத தம்பி. பலகை சொன்னிச்சு, நான் கேட்டேன்" என்று நடராஜா வாசல் வழியாகத் தலையை நீட்டினார். அவருக்கும் சிங்களம் நன்றாகவே வரும். "காலையில கொஞ்ச நேரம் ரெண்டு கடையையும் நான் பாத்துக்கிறேன். நடுவுல முக்காலியப் போட்டு உக்காந்தா எனக்கு ரெண்டு பக்கமும் தெரியும்."

"வேணாம் மாமா. ஒங்களுக்கு ஏன் கஷ்டம்?"

"கஷ்டமா? ஒங்க வாப்பா எனக்கு எத்தன தடவ கடை பாத்திருக்காரு தெரியுமா? மாசித் திருவிழாவுல நான் தேர் பின்னாலேயே போயிருவேன். அவருதான் இங்கேருந்து எந்திரிச்சுப் போயி என் துணிய வித்துக் குடுப்பாரு. சாயம் போவுமான்னு கேட்டா, 'அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்'பாரு. அதுக்கே ஏவாரம் பாதி கொறையும்."

லாபிர் பல நாட்களுக்குப் பிறகு சிரித்தான்.

தண்ணீரையும் நடராஜாவே கண்டுபிடித்தார். இரத்தோட்டைப் பாதையில் ஒரு கொக்கோத் தோட்டம் இருந்தது. அங்கே முன்பு ஆலைக்குத் தண்ணீர் தேக்கிய குளமொன்று சும்மா கிடந்தது. ஒரு பக்கம் கருங்கல் கட்டு, மற்ற மூன்று பக்கமும் மண் கரை. தோட்டத்துக் கிளார்க்கர் நடராஜாவிடம் துணி எடுப்பவர். "நீந்தட்டும், மீன் மட்டும் புடிக்கக் கூடாது" என்று அனுமதி தந்தார். குளத்துக்குக் காவல் முத்துவீரன். யாரும் கேட்காமலேயே அவர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, முகம் சுளிக்காமல் பாசியையும் கொடியையும் வாரிக் கரையில் எறிந்தார்.

"நீச்சக்கார தம்பி நீந்தப் போறதா, இல்ல கொடியில மாட்டித் தொங்கப் போறதா? சுத்தமா இருக்கணுமில்ல" என்றார்.

கண்டித் தடாகத்தின் நீளம் இருபத்தைந்து கெஜம். அதே நீளத்தைக் குளத்தில் அளந்து வைத்தால்தான் நேரம் பார்ப்பதில் அர்த்தம் உண்டு. லாபிர் சொன்னதும் நடராஜா ஒரு சுருள் தென்னந்தும்புக் கயிற்றைத் தம் மேசைமேல் போட்டு, கெஜக்கோலை எடுத்து அளக்கத் தொடங்கினார். அப்போது மிளகு வாங்க ஆள் வந்ததால் லாபிர் தன் கடைக்குப் போய்விட்டான். அவன் திரும்பியபோது கயிறு அளந்து, முனையில் முடிச்சுப் போட்டு, அழகாகச் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. கருங்கல் கட்டில் ஒரு முனையைக் கட்டினார்கள். முடிச்சு எட்டிய இடத்தில் முத்துவீரன் இரண்டு மரக்கால்களை அடித்து, அவற்றின் மேல் ஒரு பலகையைச் சுவர்போல் அறைந்தார். லாபிர் தொட்டுத் திரும்ப அந்தப் பலகை.

முதல் நாள் அவன் பயந்தது போலவே நடந்தது. வழக்கமாக உள்ளங்கையில் கனமாக நின்று கொடுக்கும் தண்ணீர், விரல்களுக்கிடையே நழுவிப்போனது. இரண்டாவது நீளத்திலேயே தோள்கள் ஈர மூட்டைகளாகக் கனத்தன. மூச்செடுக்கும் கணக்குத் தப்பி, குளத்துத் தண்ணீரைக் குடித்து, பலகையைப் பிடித்துக்கொண்டு இருமினான். நீச்சலை விட்டவனுக்கு நீந்தத் தெரியாமல் போவதில்லை. அதுதான் வேதனை. உடலுக்கு எல்லாம் நினைவிருக்கிறது, செய்யத்தான் பலமில்லை. அதைவிடப் பெரிய குறை, பக்கத்தில் யாரும் இல்லாதது. தடாகத்தில் நால்வரும் ஒன்றாக நீந்தும்போது, சோர்கிறவனை அடுத்தவனின் கையசைவு இழுத்துக்கொண்டு போகும். இங்கே ஒரு நீர்க்காகம் மட்டும் மரக்காலில் உட்கார்ந்து சிறகை உலர்த்திக்கொண்டு அவனைப் பார்த்தது.

ஆனாலும் விடவில்லை. விடியற்காலை ஸுபஹுத் தொழுகை முடிந்ததும் சைக்கிளில் புறப்படுவான். வாப்பாவின் கைக்கடிகாரம் முத்துவீரனின் கையில் இருக்கும். அவன் குதித்ததும் செக்கன் காட்டும் சின்ன ஊசியை அவர் பார்க்கத் தொடங்குவார். வாரங்கள் போகப் போகத் தண்ணீர் மறுபடியும் கையில் நிற்கத் தொடங்கியது. மூச்சு ஒழுங்குக்கு வந்தது. கடைசி நீளத்தில் கால்கள் சாகாமல் உதைத்தன. தோளில் வாங்கிய மிளகு மூட்டையை இறக்காமலே யட்டவத்தைக்காரரோடு அரட்டையடிக்க முடிந்தது. உடல் சரியாகிவிட்டது என்று அவனுக்குத் தோன்றியது.

கடிகாரம் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை.

எப்படி நீந்தினாலும் சென்ற ஆண்டின் நேரத்தைவிட நான்கு செக்கன்கள் கூடுதலாகவே இருந்தது. நூறு கெஜ நீச்சலில் நான்கு செக்கன் என்பது ஒருவன் கரையேறித் தலை துவட்டும் நேரம். கடிகாரத்தில்தான் பிழையோ என்று, வானொலியில் செய்திக்கு முன் வரும் மணியோசையோடு வைத்துப் பார்த்தான். கடிகாரம் சரியாக இருந்தது. முத்துவீரனின் கண்ணைச் சந்தேகித்து, அவரையே கேட்டும்விட்டான்.

"ஊசி ஓடுறதப் பாக்க என்னா படிப்பு வேணும் தம்பி? நீங்க கடைசியாக் கல்லுக் கட்டத் தொட்டப்போ அது நின்ன எடத்தச் சொல்றேன்" என்றார் அவர், வருத்தப்படாமல்.

கடிகாரமும் சரி, கண்ணும் சரி என்றால், பிழை தன்னிடம்தான் என்று முடிவுசெய்தான் லாபிர். இன்னும் கடுமையாக நீந்தினான். நேரம் சிறிது இறங்கியது. போதுமான அளவு இறங்கவில்லை.

திலகரத்ன வரவேண்டிய ஞாயிற்றுக்கு முதல் நாள் மாலை, மஃரிபுத் தொழுகைக்குப் பின், உம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். உம்மா விளக்கடியில் வெள்ளைத் துணியொன்றைத் தைத்துக்கொண்டிருந்தார்.

"உம்மா, நாளைக்குத் திலகரத்ன வருவான். எனக்கு ஏலாதுன்னு சொல்லப் போறேன்."

ஊசி நின்றது. "ஏன் மகன்? ஒடம்பு நல்லாத்தானே ஈக்குது? மூட்டையெல்லாம் பூ மாதிரித் தூக்குறீங்க."

"ஒடம்பு நல்லாத்தான் ஈக்குது. நேரம்தான் வரல. எவ்வளவு அடிச்சாலும் நாலு செக்கன் கூட. மாஸ்டர் என் வார்த்தைய நம்பிக் கேட்டிருக்கார். பொய் சொல்ல ஏலாது. அந்தச் சின்னவனுக்கு எடத்தக் குடுக்கிறதுதான் சரி." அவன் புறங்கையால் கண்ணைத் துடைத்தான். "வாப்பா சொன்ன அந்த ஒரு கையளவு... அது அவ்வளவுதான் உம்மா."

உம்மா ஊசியைத் துணியில் குத்தி வைத்தார். மகன் அழட்டும் என்று விட்டார். பிறகு, பேச்சை வேறு பக்கம் திருப்பினாலாவது அவன் மனம் ஆறும் என்ற எண்ணத்தில் கேட்டார்:

"அந்தக் கொளத்துல நீளம் சரியா ஈக்கிறது எப்படித் தெரியும்?"

"கயிறு அளந்து கட்டினோமே."

"யாரு அளந்தது?"

"நடராஜா மாமா. அவங்க கடை மேசையில வச்சு."

"அவங்க கையாலயா?"

"ஓ. நான் அப்ப மிளகு நிறுத்துக்கிட்டிருந்தேன்."

உம்மா மடியிலிருந்த வெள்ளைத் துணியைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"மகன், இது எந்தத் துணி தெரியுமா? நான் இத்தாவுல இருக்க, உடுப்பு ரெண்டு தைக்கணும்னு மாமா கடையில எடுத்த துணி. ரெண்டுக்குத்தான் சொல்லி அனுப்பினேன். ரெண்டு உடுப்பும் தச்சேன். முக்காடு ரெண்டு தச்சேன். இப்ப தலகாணிக்கு உறை தைக்கிறேன். இன்னும் ஒரு துண்டு பெட்டியில கெடக்குது."

லாபிருக்கு விளங்கவில்லை. "அதுக்கு?"

"அவங்க கெஜம் என்னைக்காவது கெஜத்தோட நின்னிருக்கா?"

சொல்லிவிட்டு உம்மா அவன் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் விஷயம் மெல்ல மெல்ல ஏறுவதைக் கண்டார். திறந்த வாயை மூட மறந்து அவன் உட்கார்ந்திருந்த கோலம் அவருக்கு என்னவோ செய்தது. முக்காட்டின் ஓரத்தை வாயில் அடைத்துக்கொண்டார். பயனில்லை. அடக்க அடக்கச் சிரிப்புப் பொங்கி வந்தது. வாப்பா போன பிறகு அந்த வீட்டில் உம்மா சிரித்தது அதுதான் முதல் தடவை. கண்ணில் நீர் வழிய, "யா அல்லாஹ், யா அல்லாஹ்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

மறுநாள் காலை லாபிர் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டும் முன்பே நடராஜா திருநீற்றோடு வாசலில் நின்றார்.

"நேத்து ஒங்க வீட்டுல சிரிப்புச் சத்தம் கேட்டிச்சு தம்பி. எனக்கும் எங்க வீட்டு அம்மாவுக்கும் மனசு நெறஞ்சு போச்சு. சாமிக்கு ஒரு தேங்கா ஒடைக்கணும்னு நெனச்சேன். என்ன விசேஷம்?"

"நீங்கதான் விசேஷம் மாமா" என்று லாபிர் கயிற்றின் கதையைச் சொன்னான்.

நடராஜாவின் முகம் விழுந்துவிட்டது. தம் இடது கையைத் தூக்கி, அந்த மூன்று விரல்களையும் ஏதோ அந்நியர் விட்டுச்சென்ற பொருளைப் போலப் பார்த்தார்.

"அட கடவுளே. நான் அளந்தப்போ வெரலு வச்சேனான்னு எனக்கே தெரியலையே! தண்ணியில போடப் போற சாமானாச்சேன்னு... இல்ல, அப்படிக்கூட நெனைக்கல. கை பாட்டுக்குப் போயிருக்கு." அவர் திண்டாடினார். "ஒன் எடத்தையே பறிக்கப் பாத்துட்டேனே தம்பி. நீ இத்தன நாளா ஒன்னையே நொந்துக்கிட்டுக் கெடந்தியே."

"இன்னும் பறிபோகல மாமா. வாங்க, போய் அளந்து பார்ப்போம்."

"நான் அளக்க மாட்டேன். இந்தக் கைய இனி நம்பாத."

திலகரத்ன பஸ்ஸிலிருந்து இறங்கியதும் மூவருமாகக் குளத்துக்குப் போனார்கள். அவன் கல்லூரியின் ஸ்டாப்வாட்ச்சைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்திருந்தான். நடராஜா கரையிலிருந்து மிகத் தள்ளி ஒரு கொக்கோ மரத்தடியில் நின்றுகொண்டார்.

"கிட்ட வாங்க மாமா."

"வேணாம். துணிதான் தண்ணியக் கண்டா சுருங்கும்னு இல்ல. நானும் சுருங்குவேன்."

கயிற்றை அவிழ்த்துக் கரையில் நீட்டி, லாபிரும் திலகரத்னவும் கெஜக்கோலை விரல் வைக்காமல் புரட்டிப் புரட்டி அளந்தார்கள். இருபத்தைந்து கெஜம் முடிந்த இடத்துக்கும் நடராஜாவின் முடிச்சுக்கும் நடுவில் நல்ல நீளம் மிஞ்சிக் கிடந்தது. திலகரத்ன அதைப் பார்த்தான். பிறகு புல்லில் அதன் பக்கத்தில் மல்லாந்து படுத்தான். கயிறு அவன் பாதத்திலிருந்து கிட்டத்தட்டத் தாடை வரை வந்தது.

"மச்சான், ஒவ்வொரு தடவையும் என்னையும் சேர்த்து நீந்தியிருக்கியே!"

முத்துவீரன் பலகையைப் பிடுங்கிச் சரியான இடத்தில் நட்டார். லாபிர் கருங்கல் கட்டின்மேல் ஏறி நின்றான். "பிஸ்மில்லாஹ்" என்று சொல்லிக் குதித்தான்.

நூறு கெஜம் முடிந்து கருங்கல் கட்டைத் தொட்டுத் தலையை வெளியே எடுத்தபோது, திலகரத்ன ஸ்டாப்வாட்ச்சைக் காட்டவில்லை. அதை முத்தமிட்டுக்கொண்டிருந்தான்.

"போன வருஷ நேரம் இல்ல" என்றான். லாபிரின் முகம் மாறுவதற்குள், "அதவிடக் குறைவு" என்று கத்தினான்.

மரத்தடியில் நடராஜா கன்னத்தில் போட்டுக்கொண்டார். முத்துவீரன் தலையைச் சொறிந்தார். "ஒரு பலகைய இங்கிட்டு நவுத்தி வச்சதுக்கா இத்தன கொண்டாட்டம்?"

லாபிர் தண்ணீரில் நின்றபடியே கொஞ்ச நேரம் யோசித்தான். தான் பலவீனம் என்று எண்ணி வெட்கப்பட்ட ஒவ்வொரு காலையும், தன்னையறியாமல் கூடுதலான தூரத்தைத் தான் கடந்த காலையாக இருந்திருக்கிறது. யாரோ ஒருவர் நல்ல மனத்தோடு கொடுத்துவிட்டு மறந்துபோனது, கணக்கில் காட்டாமல் அவன் தோளில் சேர்ந்திருக்கிறது. மனிதருக்கு இறைவன் உதவுவது பெரும்பாலும் இப்படித்தான் என்று அவனுக்குத் தோன்றியது. கிடைக்கும்போது அது பாரமாகத்தான் தெரிகிறது.

"முத்துவீரண்ணே" என்றான். "பலகையப் பழைய எடத்துலயே நட்டுடுங்க."

"என்னா தம்பி, வெளையாடுறீங்களா?"

"இல்லண்ணே. போட்டி வரைக்கும் மாமா அளந்த அளவுலயே நீந்துறேன்."

நடராஜா அங்கிருந்து கையை ஆட்டி ஆட்டி மறுத்தார். முத்துவீரன் முனகிக்கொண்டே பலகையைத் திரும்ப நட்டார். "நல்ல வேளை, தும்புக் கயிறாப் போச்சு. நூல் கயிறா இருந்தா சுருங்கும்னு மொதலாளி இன்னும் ரெண்டு வெரல் கூட்டியிருப்பாரு" என்றார்.

போட்டி நாளன்று நடராஜா விடியற்காலையிலேயே இரு கடைகளுக்கும் நடுவில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். உம்மா தொழுகைப் பாயிலிருந்தபடியே மகனின் தலையில் கைவைத்து துஆ ஓதி அனுப்பினார். வேறு யாரும் வரமுடியாது என்றுதான் லாபிர் நினைத்திருந்தான். ஆனால் தடாகத்தின் விளிம்பில், சென்ற ஆண்டு வாப்பா குடை பிடித்து நின்ற இடத்துக்குப் பக்கத்தில், வெளுத்த வேட்டியும் எண்ணெய் தடவிய தலையுமாக முத்துவீரன் நின்றுகொண்டிருந்தார். ஒரு நாள் லீவு கேட்டு வந்திருந்தார். அவர் உள்ளங்கையில் வாப்பாவின் கைக்கடிகாரம் இருந்தது.

"ஊசியப் பாக்க வேற ஆள் இருக்காங்கன்னு தெரியும். பழகிப்போச்சு தம்பி" என்றார் கூச்சத்தோடு.

முதல் மூவரும் நீந்தி முடித்தபோது கொழும்புக் கல்லூரி முந்தியிருந்தது. திலகரத்னவின் கை சுவரைத் தொட்டதும் லாபிர் பறந்தான். எதிராளியின் கால்கள் கிளப்பிய நுரை அவனுக்கு முன்னால் தெரிந்தது. முதல் நீளம், இரண்டாவது, மூன்றாவது. நுரை மெல்ல அவன் இடுப்புக்கு வந்தது, தோளுக்கு வந்தது. மற்றவர்களின் உடல் சோர்ந்து சுவரைத் தேடத் தொடங்குகிற இடத்தில், லாபிரின் உடலுக்கு இன்னும் தூரம் மிச்சம் இருந்தது. நடராஜாவின் மூன்று விரல்கள் இனிமேல்தான் வர வேண்டும். எதிராளி கையை நீட்டி மிதந்து சுவரைத் தொடப் போனான். லாபிர் நீட்டவும் இல்லை, மிதக்கவும் இல்லை. முழு வேகத்தில் அடுத்த வீச்சை வீசினான்.

சுவர் அவன் எதிர்பார்த்ததற்கு முன்பே வந்துவிட்டது. விரல்கள் அதில் மோதிய வலி தோள் வரை ஏறியது. தலையைத் தூக்கியபோது மூன்று பேர் அவன்மேல் விழுந்து கட்டிப்பிடித்தார்கள். யார் என்ன சொல்கிறார்கள் என்றே கேட்கவில்லை. கரையில் முத்துவீரன் கடிகாரத்தை வானத்துக்குத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துத்தான் வென்றுவிட்டோம் என்று தெரிந்துகொண்டான்.

ஒரு கையளவுதான் வித்தியாசம் என்று நடுவர்கள் சொன்னார்கள். கரையேறியதும் சின்னவன் பதுர்தீன் ஓடி வந்து தன் துவாயை அவன் தோளில் போட்டான். லாபிரின் இடத்தில் நீந்தியிருக்க வேண்டிய பையன் அவன். "அடுத்த வருஷம் நீ மச்சான்" என்று லாபிர் அவனை அணைத்துக்கொண்டான். "நேரம் கெடச்சா மாத்தளைக்கு வா. ஒனக்கு ஒரு கொளம் காட்டுறேன்."

மாலை பஸ்ஸில் லாபிரும் முத்துவீரனும் மாத்தளைக்குத் திரும்பினார்கள். உம்மா வீங்கிய விரல்களைக் கண்டு பதறி, அவற்றைத் தம் உள்ளங்கைகளுக்குள் வைத்து மூடிக்கொண்டார். வென்ற செய்தியைக் கேட்டதும் விரல்களை விடாமலே நெற்றியில் ஒற்றிக்கொண்டார். "வாப்பாட கையளவு வந்து சேர்ந்துடுச்சு. அல்ஹம்துலில்லாஹ்" என்றார். பிறகு இரண்டு ரக்அத் தொழ எழுந்தார். பெட்டியில் மிச்சமிருந்த வெள்ளைத் துண்டைக் கிழித்து, விரல்களுக்குக் கட்டுப் போட்ட பிறகுதான் தக்பீர் கட்டித் தொழுகையைத் தொடங்கினார்.

லாபிர் கடைப்பக்கம் வந்தான். நடராஜா முக்காலியிலிருந்து எழுந்து தம் மேசைக்குப் போயிருந்தார். கடைசி பஸ்ஸுக்கு முன் அவசரமாகத் துணி எடுக்க வந்த அழகாயிக்கு அளந்துகொண்டிருந்தார். முத்துவீரன் முன்னாலேயே வந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார் என்பது நடராஜாவின் கண்களிலேயே தெரிந்தது. ஆனாலும் அவர் முதலில் பார்த்தது கட்டுப் போட்ட கையைத்தான்.

"கைக்கு என்னாச்சு தம்பி?"

"சுவர்ல அடிச்சுக்கிட்டேன் மாமா. நீங்க அளந்திருந்தா அது இன்னும் கொஞ்சம் தள்ளி இருந்திருக்கும்."

நடராஜாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கெஜக்கோலைக் கீழே வைத்துவிட்டுக் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

"மொதலாளி, பஸ் போயிரும்" என்றாள் அழகாயி. "அளந்து முடிங்க."

அவர் துணியை மறுபடியும் இழுத்துப் பிடித்தார். கோலின் முனைக்கு வந்தார். அங்கே ஒரு கணம் தயங்கி, லாபிரைப் பார்த்தார்.

"வைங்க மாமா" என்றான் லாபிர்.

மூன்று விரல்களும் தம் இடத்தில் போய் உட்கார்ந்தன.